தண்ணீரூற்று: மண்ணுக்கும் ஒரு வேலி

முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் செல்லும் பெருந்தெருவில், முள்ளியவளையோடு இணைந்தாற்போல் அமைந்த ஊர் தண்ணீரூற்று. நிலத்திலிருந்து சுரக்கும் நீரே இவ்வூருக்குப் பெயராயிற்று. இங்கே கோயில் கொண்ட விநாயகரும் ஊற்றங்கரைப் பிள்ளையார் என்றே வழங்கப்பெறுகிறார்.

ஊரினுள்ளே செல்வோரை வரவேற்பது மரநிழல். உயரத்தே தென்னை, அதன் கீழ் மாவும் பலாவும், அவற்றின் அருகே வாழை, தரையிலே மரவள்ளியும் கத்தரியும். போரினால் இடம்பெயர்ந்து, 2009 ஆம் ஆண்டின் பின்னர் மீண்டு வந்தோர் ஓர் உண்மையை நன்கு அறிவர்: வீட்டைச் சில மாதங்களில் எழுப்பலாம், மரத்துக்கோ ஆண்டுகள் வேண்டும்.

வன்னி சமதரை என்றே பலரும் எண்ணுவர். முற்றிலும் சமமான நிலத்தில் மழைநீர் குளத்தை நாடி ஓடுமா? குளத்து நீர்தான் வாய்க்கால் வழியே வயலுக்கு இறங்குமா? கண்ணுக்குப் புலப்படாத சரிவு எங்கும் உண்டு. மேட்டுக் காணியில் காட்டை வெட்டி, உழுந்தும் கச்சானும் விதைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மாரி மேல்மண்ணை வழித்துச் செல்கிறது. காணி வளம் இழக்கிறது. குளம் தூர்ந்து போகிறது. நிலத்துள் இறங்கவேண்டிய நீர் ஓடிவிடுவதால் கிணறும் ஊற்றும் மெலிகின்றன.

இத்தீங்கின் பெரிய உருவை மலைநாட்டிலே காணலாம். மண் பாதுகாப்புச் சட்டம் 1951 இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் மகாவலியின் மேல் நீரேந்து பரப்பில், வெறுஞ்சரிவுகளில் புகையிலையும் மரக்கறியும் பயிரிட்டமையால் பெருமளவு மண் நீர்த்தேக்கங்களைச் சென்றடைந்தது. அதே மலைகளில், பலா, கமுகு, கராம்பு, மிளகு யாவும் செறிந்த கண்டி வீட்டுத்தோட்டங்களோ மண்ணைக் காத்து நிற்கின்றன.

தானியம் விதைக்கும் சரிவில் என்ன செய்வது? பிலிப்பைன்சின் மிண்டனாவோத் தீவில், 1970களில் ஹரோல்ட் வாட்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு வழி கண்டனர். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டமான கோட்டில், அவரையினத்து மரங்களை இரட்டை வரிசையாக நெருக்கி நடுவர். நாலைந்து மீற்றர் கீழே அடுத்த வரிசை. இடைநிலத்தில் சோளமும் பயறும். மூன்றிலொரு பங்கில் பழமரம் முதலிய நிலைப்பயிர். வளர்ந்த கிளைகளை வெட்டி, இலைகளைப் பயிரின் அடியிலே பரப்புவர். வரிசை மண்ணைத் தடுக்கும், இலை பசளையாகும், காலப்போக்கில் சரிவே படிக்கட்டுப் போலாகும். இதற்காக வாட்சனுக்கு 1985 இல் மக்சேசே விருது கிடைத்தது.

வறண்ட வன்னியில் மரம் பயிரின் நீரைப் பறிக்கும் என்று கமக்காரர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. ஆதலால் இங்கே வரிசைகளை அகல விடவேண்டும். விதைப்புக்கு முன்னரும் பயிர் வளரும் காலத்திலும் தவறாது வெட்டவேண்டும். அதற்கு ஆட்கூலியும் வேண்டும். பயனும் ஓராண்டில் முழுமையாக வந்துவிடாது.

ஆயினும் இம்முறை நமக்கு முற்றிலும் புதியதன்று. சீமைக்கிளுவையும் பூவரசும் நம் வேலிகளில் நிற்பவையே. அவற்றின் குழையை வெட்டித் தோட்டத்திலே தாழ்ப்பதும் நம்மவர் வழக்கமே. அவ்வேலியைக் காணியின் எல்லையில் மட்டும் நிறுத்தாது, சரிவுக்குக் குறுக்கேயும் நட்டால் போதும். அயலாரிடமிருந்து காணியைக் காக்க வேலி அடைக்கும் நாம், மழையிடமிருந்து மண்ணைக் காக்கவும் ஒரு வேலி அடைப்போமாக! தண்ணீரூற்று என்னும் பெயர் வரும் தலைமுறையிலும் பொருளுடையதாக விளங்க அதுவே வழி.