கல்லரசும் ஈரமுள்ள விரிசலும்



நம் பாறைக்குன்றுகளில் கல்லரசு என்னும் மரத்தை நீங்கள் கண்டிருக்கலாம். அது அத்தியின் பேரினத்தைச் சேர்ந்தது. பார்வைக்கு அரசமரத்தை ஒத்தது. தளிர்கள் செந்நிறமாயிருக்கும். 1834-இல் ராபர்ட் வைட் என்பவரோடு சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களைக் குறித்து நூல் வெளியிட்ட ஆர்னட்டின் பெயரால், தாவரவியலார் இதனை 'பைக்கஸ் ஆர்னட்டியானா' என்பர்.

குன்றின்மேல் இதனை நட்டவர் எவருமில்லை. பழம் தின்ற பறவையின் எச்சத்தோடு சிறு விதையொன்று பாறையில் விழுகிறது. விரிசலில் தங்கிய சிறிது மண்ணும் மழையீரமும் அதற்குப் போதும். பின்பு வேர்கள் கல்லைத் தழுவிப் படர்ந்து, அடுத்த விரிசலைத் தேடிச் செல்கின்றன.

கற்பாறையின்மேல் விழுந்த விதை உலர்ந்துபோனதை லூக்கா 8-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அப்படியானால் இம்மரம் அவ்வுவமைக்கு முரணானதா? இல்லை. விதை உலர்ந்ததற்கு ஆண்டவர் காட்டிய காரணம் ஈரமின்மை. அதை விளக்கும்போது அவர் சுட்டியது வேரின்மை. ஈரமும் வேரும் சந்திக்கும் இடத்தில் கல்லும் மரத்தைத் தாங்கும்.

மகனை அடக்கம்பண்ணிய ஒரு தாய் என்னிடம், "ஐயரே, என் நெஞ்சு கல்லாய்ப் போயிற்று. இனி எந்த வசனமும் அதில் முளைக்காது" என்றார். ஆராதனைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். ஆயினும், படுக்கையிலிருந்த பக்கத்து வீட்டு முதியவளுக்கு நாள்தோறும் கஞ்சி கொண்டுபோய் ஊட்டுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. நான் அவருக்கு வசனம் எதுவும் சொல்லவில்லை. "அம்மா, அந்தக் கஞ்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லி ஜெபித்து வந்தேன். அவர் இன்னும் ஆலயத்திற்குத் திரும்பவில்லை. ஆனால் அந்த நெஞ்சில் ஈரம் வற்றிவிட்டதென்று என்னால் நம்ப இயலவில்லை.

பிரியமானவர்களே, துக்கத்தால் இறுகிப்போன ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர் நீங்களாகவே இருக்கலாம். கல்லை உடைக்க முயலாதிருங்கள். எங்கே இன்னும் அன்பு கசிகிறதோ, அந்த இடத்தைக் கண்டு காத்துக்கொள்ளுங்கள். விதையை அங்கே சேர்ப்பதும் வளரச்செய்வதும் தேவனுடைய செயல். இவ்வாரம் அப்படிப்பட்ட ஒருவரைப் போய்ப் பாருங்கள். போதிக்க அல்ல, அவரோடு அமர்ந்திருக்க.

கர்த்தாவே, எங்கள் நெஞ்சின் விரிசல்களில் உமது ஈரம் தங்குவதாக. ஆமென்.