ஒரு சல்யூட், ஒரே சாட்சி

முதலில் ஒரு கணக்கு. பி.காம். படித்தவனுக்கு எண்ணிலிருந்து ஆரம்பித்தால்தான் பேனா ஓடும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அதில் செத்தவர்கள் 55,573. நூறு பேருக்கு நாற்பத்து நாலு! இறந்தவர்களில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கனடாக்காரர்கள். அதில் ஒருவரைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப் போகிறேன்.

ஆண்ட்ரூ மினார்ஸ்கி. 1916-ல் வின்னிபெக் நகரில் பிறந்தவர். போலந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பதினாறு வயதில் அப்பா போய்விட்டார். வீட்டில் அம்மா, உடன்பிறந்தவர்கள் என்று ஏகப்பட்ட வயிறுகள். பையன் தோல் வெட்டும் வேலைக்குப் போனார். நம் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார், இல்லையா? 1941-ல் கனடா விமானப்படையில் சேர்ந்தார்.

1944 ஜூன் 12 இரவு. நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கி ஆறே நாள். ஜெர்மானியர்களுக்கு ரயிலில் ஆளும் ஆயுதமும் போய்ச் சேரக் கூடாது. அதற்காக பிரான்ஸின் காம்ப்ரே ரயில்வே யார்டைத் தகர்க்க இங்கிலாந்திலிருந்து லங்காஸ்டர் விமானங்கள் கிளம்பின. மினார்ஸ்கியின் விமானத்தில் ஏழு பேர். முதுகுப் பக்கத் துப்பாக்கி அவருக்கு. வால் பக்கத் துப்பாக்கி நண்பர் பேட் பிராஃபிக்கு. கிளம்பும் முன் புல்லில் கிடைத்த நாலு இலை க்ளோவர் ஒன்றை பிராஃபியிடம் கொடுத்தார். அந்த ஊரில் அது அதிர்ஷ்டச் சின்னம்.

நள்ளிரவு தாண்டியதும் ஜெர்மன் விமானம் ஒன்று சுட்டது. இடது பக்க எஞ்சின்கள் இரண்டும் அவுட். உள்ளே தீ. 'குதியுங்கள்' என்று பைலட்டின் உத்தரவு. மினார்ஸ்கி கதவுப் பக்கம் வந்துவிட்டார். ஒரு எட்டு வைத்தால் வெளியே. திரும்பிப் பார்த்தார். வாலில் பிராஃபி மாட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் போனதால் அந்தக் கூண்டைச் சுழற்றும் விசையும் போய்விட்டது.

மினார்ஸ்கி தீக்குள் தவழ்ந்து போனார். கோடரியால் அடித்தார். கையால் பிய்த்தார். கூண்டு அசையவில்லை. உடையும் பாராசூட்டும் பற்றிக்கொண்டன. 'போய்விடு' என்று பிராஃபி சைகை காட்டினார். மினார்ஸ்கி, நண்பரைப் பார்த்தபடியே, பின்பக்கமாகத் தவழ்ந்து கதவுக்கு வந்தார். எரிகிற உடையோடு நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் அடித்தார். உதடு அசைந்தது. சத்தம் கேட்கவில்லை. ஆனால் பிராஃபிக்குப் புரிந்தது. தினமும் ராத்திரி பிரியும்போது கிண்டலாகச் சொல்லும் அதே 'குட் நைட், சார்'தான்.

குதித்தவரை பிரெஞ்சுக்காரர்கள் கண்டெடுத்தார்கள். தீக்காயத்தில் இறந்துபோனார். வயது 27. அங்கேயே மெஹாரிகூர் என்ற கிராமத்தில் புதைக்கப்பட்டார்.

இனிமேல்தான் விஷயமே. பைலட் இல்லாமல் விழுந்த விமானம் தரையில் மோதியபோது வால் பிய்ந்து போய், பிராஃபி வெளியே தூக்கி எறியப்பட்டார். உயிரோடு! மற்ற ஐந்து பேரும் பாராசூட்டில் பிழைத்தார்கள். யாரைக் காப்பாற்றவே முடியாது என்று விட்டுவந்தாரோ, அவர் பிழைத்தார். விட்டுவந்தவர் போய்விட்டார். போர் முடிந்தபின் பிராஃபி சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 1946 அக்டோபரில் மினார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ் அறிவித்தார்கள்.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ரயில் யார்டுகளில் விழுந்த குண்டுகள் அக்கம்பக்கத்து பிரெஞ்சு ஜனங்களையும் கொன்றன. அவர்களுக்கு மெடல் கிடையாது.

ஆனாலும் அந்த சல்யூட்டை மறக்க முடியவில்லை. யோசித்துப் பாருங்கள். நாம் நாலு பேர் பார்ப்பார்கள் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே நல்லவர்களாக இருப்போம். மினார்ஸ்கி செய்ததைப் பார்த்த ஒரே ஆள், அவர் கணக்குப்படி, சில நிமிடங்களில் சாகப் போகிறவர். வெளியே போய்ச் சொல்ல யாருமில்லை என்று தெரிந்தேதான் அவர் தீக்குள் போனார்.

55,573 பேரில் எத்தனை மினார்ஸ்கிகளோ! ஏழு பேரும் சேர்ந்து போன விமானங்களில் சாட்சி சொல்ல ஒரு பிராஃபி மிஞ்சவில்லையே.