மாப்பிள்ளையின் துப்பாக்கி

அமெரிக்காவில் பெண் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவள் என்றதும், நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்று எதிர்பார்ப்பீர்கள். நயாகராவை நான் பார்க்கவில்லை. என் பெண் இருப்பது டெக்ஸாஸ் மாகாணத்தில். அங்கிருந்து நயாகராவுக்குப் போவது, மைலாப்பூரிலிருந்து காசிக்குப் போவதைவிடத் தூரம். நான் பார்த்தது ஒரு துப்பாக்கியை. அதுவும் எங்கே? சாப்பாட்டு மேஜையின் மேல்!

என் மாப்பிள்ளை சாது. ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்க மாட்டார். கரப்பான் பூச்சியைக்கூடத் துடைப்பத்தால் தள்ளி வெளியே அனுப்பி வைக்கிற மனிதர். அப்பேர்ப்பட்டவர் ஒரு சனிக்கிழமை நீளமான அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினார். "புல்லாங்குழலா?" என்று கேட்டேன். என் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வாங்காமல் துப்பாக்கியைத் தொட முடியாது. அங்கேயோ, மாப்பிள்ளை அந்த நாட்டுப் பிரஜையாகிவிட்டவர்; கடையில் ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்தார், அவர்மேல் குற்றம் குறை உண்டா என்று கடைக்காரர் அரசாங்கத்தைக் கேட்டார், அரை மணியில் காரியம் முடிந்துவிட்டதாம். விலை முந்நூறு டாலருக்குச் சற்றுக் கூடுதல். துப்பாக்கிகளில் அது மலிவு ரகம்.

"பயப்படாதீர்கள், அத்தை! இது வெறும் பாயிண்ட் இருபத்திரண்டு. தகர டப்பா சுடுகிற துப்பாக்கி" என்றார்.

சகோதரிகளே, எனக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். கௌபாய் படங்களில் குதிரைமேல் போகிறவன் துப்பாக்கிக்குக் கீழே உள்ள வளையத்தைப் படக்கென்று இறக்கி ஏற்றுவானே, அந்த ஜாதி. நம் ஜெய்சங்கர் குதிரையேறிய படங்களில்கூடப் பார்த்திருப்பீர்கள். வளையத்தை இறக்கினால் சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடு வெளியே துள்ளுகிறது. ஏற்றினால் புதுத் தோட்டா உள்ளே போகிறது. அந்த வளையத்துக்கு லீவர் என்று பெயர். 1860-இல் ஹென்றி என்பவர் செய்த துப்பாக்கியால் புகழ் பெற்ற ஏற்பாடு இது. தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள இன்னொரு மெல்லிய குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும், பதினைந்து.

தோட்டாவிலும் ஒரு விசேஷம். சோமாசிக்கு ஓரம் மடிக்கிறோம் அல்லவா? அதுபோல இந்தத் தோட்டாவின் அடியைச் சுற்றி ஒரு மடிப்பு. தட்டினால் வெடிக்கிற மருந்து அந்த மடிப்புக்குள் இருக்கிறது. ஊசி வந்து ஓரத்தில் குத்தினால் போதும். குண்டின் எடை ஒரு பவுனில் மூன்றில் ஒரு பங்குதான். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த இத்தனூண்டு ஈயம் ஒரு மைலுக்கு அப்பாலும் போய் விழக்கூடியது என்று தெரிந்தபோது சிரிப்பு வரவில்லை.

வாங்கி ஒரு வாரம் ஆவதற்குள் மாப்பிள்ளைக்கு அதன்மேல் அதிருப்தி வந்துவிட்டது. மலிவு ரகமாயிற்றே! பீச் மரக் கட்டைக்கு மேல் பிளாஸ்டிக் போலத் தடிமனாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். லீவரின் விளிம்பு விரல் கணுக்களை உராய்ந்தது. குறி பார்க்கும் பின் தகடு அவருடைய நாற்பத்தைந்து வயசுக் கண்ணுக்குத் தெளியவில்லை. "இதை நானே சீர்படுத்தி ஆயிரம் டாலர்த் துப்பாக்கி மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன்" என்று கிளம்பிவிட்டார். கார் நிறுத்தும் கொட்டகை பட்டறை ஆயிற்று.

நான் அந்தப் பக்கமே போகக் கூடாது என்றுதான் இருந்தேன். விதி யாரை விட்டது? எங்கள் வீட்டுத் தேக்கு ஊஞ்சலை வருஷா வருஷம் இழைத்து எண்ணெய் பூசினவள் நான். மரத்தை ஒருவர் தப்பாகத் தேய்ப்பதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

அவர் உப்புத்தாளைக் குறுக்கே போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்! "மாப்பிள்ளை, ரேகை ஓடுகிற திசையில் தேயுங்கள்" என்றேன். பிறகு ஈரத் துணியால் துடைக்கச் சொன்னேன். ஈரம் உலர்ந்ததும் மரத்தின் நார் புல்லரித்தாற்போல் எழுந்து நிற்கும். அதை மெல்லிய தாளால் மறுபடி இழைத்தால்தான் கட்டை குழந்தைக் கன்னம் போல ஆகும். இரும்போடு மரம் பொருந்தும் விளிம்பில் மட்டும் கை வைக்கக் கூடாது. அங்கே தேய்ந்தால் இடுக்கு விழுந்துவிடும். அவருக்கு வால்நட் நிறம் வேண்டுமாம். சாயம் பூசினார். பீச் மரம் சாயத்தைச் சமமாகக் குடிக்காது போலிருக்கிறது. தேமல் விழுந்த முகம் மாதிரி ஆகிவிட்டது. மூன்று நாள் வேலை பாழ். மறுபடி இழைத்து, சாயமே வேண்டாம், எண்ணெய் மட்டும் போதும் என்று தீர்மானித்தோம். 'தீர்மானித்தோம்' என்று எழுதுகிறேன், பார்த்தீர்களா? அதற்குள் நானும் கட்சி மாறியாயிற்று.

எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய் அல்ல. அது காயாது, கடைசி வரை பிசுபிசுக்கும். ஆளி விதை எண்ணெய்தான் காற்றுப் பட்டுக் காய்ந்து இறுகும். சீக்கிரம் காய்வதற்காக வேறு மருந்துகள் சேர்த்து டப்பாவில் விற்கிறார்கள். வாயில் வைக்கிற சரக்கு அல்ல. விரலால் மெல்லப் பூசி, கால் மணி பொறுத்து, மிச்சத்தைத் துணியால் துடைத்து, ஒரு நாள் காய விட வேண்டும். இப்படி ஏழு தடவை.

லீவருக்கும் ஒரு வேலை இருந்தது. அதைத் தனியே கழற்றித் தோல் வாரால் சுற்ற வேண்டும். மாப்பிள்ளை சுற்றியது கட்டுப்போட்ட கால் மாதிரி இருந்தது. ஒயர் கூடை பின்னின கை சும்மா இருக்குமா? வாங்கிக்கொண்டேன். அரை மணியில் நெருக்கமாகப் பின்னிக் கொடுத்தேன். விசிட்டர் விசாவில் வந்தவள் அங்கே துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. ஆகவே நான் தொட்டதெல்லாம் மரத்தையும் லீவரையும்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்!

பின் குறிக்குப் பதிலாகச் சின்னத் துளை உள்ள தகடு ஒன்றை அவரே பொருத்தினார். ஊசிக் காது வழியாகப் பார்ப்பது போல அதன் வழியே பார்த்தால் முன் குறி தெளிவாகத் தெரியுமாம். விசை கடினமாக இருக்கிறது, உள்ளே உள்ள வில்லையும் இளக்கலாம் என்று ஆசைப்பட்டார். அதில் மட்டும் என் பெண் குறுக்கே நின்றுவிட்டாள். விசை அளவுக்கு மீறி இளகினால் கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கக்கூடும்; அது படித்த மெக்கானிக் கை வைக்க வேண்டிய இடம். மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார்.

ஐந்தாவது பூச்சு நடந்த அன்றைக்கு வந்தது ஆபத்து.

துப்பாக்கியால் அல்ல. சாயங்காலம் அரிசி எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். அடிப்பிடித்த எண்ணெய் நாற்றம். எங்கே என்று பார்த்தால், துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டிருந்த அட்டைப் பெட்டியிலிருந்து ஊதுவத்திப் புகை போல ஓர் இழை! பக்கத்தில் பழைய பேப்பர் கட்டு. அதற்குப் பக்கத்தில் கார். நெருப்பு வைத்தவர் ஒருவருமில்லை. அடுப்பு இடுக்கியால் பெட்டியை வெளியே இழுத்து ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். உள்ளே இருந்த துணி கருகியிருந்தது.

ஆளி விதை எண்ணெய் காயும்போது உஷ்ணம் உண்டாகிறது. துணியை விரித்துப் போட்டால் அது காற்றோடு போய்விடும். சுருட்டி அடைத்தால் போக வழியில்லை. ஏறி ஏறித் தானே பற்றிக்கொள்ளும். டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது. யார் படிக்கிறார்கள்? வீட்டில் கதவு ஜன்னலுக்கு இந்த எண்ணெய் பூசுகிறவர்கள் துணியை வெளியில் ஒற்றையாக விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் பாதகமில்லை.

அன்று இரவு மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு உள்ளூர ஒரு வெற்றிதான். ஆனால் அது நிலைக்கவில்லை.

ஏழு பூச்சும் முடிந்தன. துப்பாக்கி தேன் நிறத்தில் மின்னியது. அசல் ஆயிரம் டாலர் அழகு! அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கூடத்துச் சுவரில் இரண்டு கொக்கி அடித்து மாட்டினார். தோட்டா கிடையாது, வெறும் துப்பாக்கிதான், அத்தனை பேரும் பார்க்கட்டும் என்றார். நானும் ஆட்சேபிக்கவில்லை. என் பின்னலையும் பார்க்கட்டுமே என்ற எண்ணம் எனக்கு.

என் பேரனுக்கு ஏழு வயசு. வந்த புதிதில் அந்தத் துப்பாக்கியை அவன் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. மறு வாரம் பிற்பகல் சின்னத் தூக்கம் போட்டு எழுந்து வருகிறேன். குழந்தை நாற்காலி போட்டு ஏறி, ஒரு கையால் கட்டையைத் தடவிக்கொண்டு, மற்றொரு கையால் லீவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். என்னைப் பார்த்ததும் திடுக்கிடவும் இல்லை. "பாட்டி, நீ பின்னினது எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது!" என்றான்.

என் கை கால் வெலவெலத்துப் போயிற்று. துப்பாக்கி காலிதான், எனக்கும் தெரியும். ஆனாலும் குழந்தையை அந்த நாற்காலிக்கு ஏற்றியது யார்? வார்னிஷ் பூசிய அவலட்சணமாக இருந்தவரை அவன் சீந்தவில்லையே! இழைத்து, எண்ணெய் தடவி, வாரிப் பின்னி, நகை மாதிரி சுவரில் மாட்டியவர்கள் நாங்கள்.

அன்று நானும் என் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து பேசினோம். மாப்பிள்ளை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அமெரிக்காவில் 2020-இல் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்குத் துப்பாக்கியே முதல் காரணமாக இருந்தது, வாகன விபத்தையும் முந்தி. வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருப்பதே குழந்தைக்கு மிகவும் பத்திரம். வைத்தே தீருவதென்றால் காலியாக, பூட்டி வைத்து, தோட்டாவைத் தனியே இன்னொரு பூட்டுக்குள் வையுங்கள் என்பது அங்குள்ள குழந்தை மருத்துவர் சங்கத்தின் யோசனை. என் பெண் முதல் பாதியைச் சொன்னாள். மாப்பிள்ளை இரண்டாவது பாதியைக் கெஞ்சினார். கடைசியில் இரண்டாவது பாதி ஜயித்தது. எனக்கு அதில் இன்றும் பூரண சம்மதமில்லை.

கொக்கிகளைப் பிடுங்கி, சுவரோடு திருகி முடுக்கிய இரும்பு அலமாரி வந்தது. தோட்டாப் பெட்டி வேறு அறையில், வேறு பூட்டில். உள்ளே வைக்குமுன் ஒவ்வொரு தடவையும் அடிக் குழாயைக் காலி செய்து, லீவரைப் பலமுறை இயக்கி, சுண்டு விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறார். அந்த மெல்லிய குழாயில் ஒரு தோட்டா ஒளிந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாதாம். நான் பழைய பட்டுப் புடவையில் ஓர் உறை தைத்துக் கொடுத்தேன். துணி ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் என்று பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த உறைக்குள் இப்போது எங்கள் வீட்டுக் குடை இருக்கிறது.

அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று மாப்பிள்ளையின் கார்ச் சாவிக் கொத்தில். மற்றொன்றை எங்கே ஒளிப்பது? அஞ்சறைப்பெட்டி, பூஜை அலமாரி, சூட்கேஸின் அடி என்று ஒவ்வோர் இடமாகச் சொல்லிப் பார்த்தோம். அந்த வீட்டில் ஏழு வயசுப் பையன் கண்டுபிடிக்காத இடம் ஒன்றுமே இல்லை. ஆகவே அதை என் இடுப்புச் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டு மைலாப்பூருக்கு வந்துவிட்டேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை போன் வந்தது. அங்கே விடிந்த நேரம். "அத்தை, என் சாவியைக் காணோம். உங்களிடம் இருப்பதைக் கூரியரில் அனுப்ப முடியுமா?" என்றார் மாப்பிள்ளை, வெகு சங்கடத்தோடு. திங்கட்கிழமை அனுப்புகிறேன் என்றேன். அதற்குள் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"அவசரமில்லை பாட்டி! இன்றைக்கு அப்பா என்னோடு கிரிக்கெட் விளையாட வருகிறார்."

சாவி மறுநாள் சலவை இயந்திரத்துக்குள் அகப்பட்டதாம்.