ஆறிய வண்டியில் அழுத்தம்

மோட்டார் வைத்திருப்பவன் தன் குழந்தைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டியே சொல்ல வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். நம் வீட்டு அதிகப்படிக் குழந்தைக்கு வயது பதினெட்டு. கள்ளக்குறிச்சியில் வாசம், உத்தியோகமோ கல்வராயன் மலைப் பள்ளியில் விஞ்ஞானம் போதிப்பது. கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்குத் தினந்தோறும் அதில்தான் பிரயாணம். சக ஆசிரியைகள் இருவரும் உடன் வருவார்கள்.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், அணையைத் தாண்டி மலை ஏறுகையில் உஷ்ணமானியின் முள் சிவப்பைத் தொட்டது. இறங்கிப் பார்த்தால் ரேடியேட்டர் ஹோஸ் கருங்கல்லாக விறைத்து நின்றது. பக்கத்துத் தொட்டியிலிருந்து ஜலம் பொங்கி வழிந்தது.

பிறகு வைத்தியம் ஆரம்பமாயிற்று. ரேடியேட்டர் மூடியை மாற்றினோம். தெர்மோஸ்டாட்டை மாற்றினோம். ரேடியேட்டரையே கழற்றிக் கழுவினோம். மூத்த பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த தொகையில் பாதி கரைந்தது. ஹோஸ் மட்டும் இளகவில்லை.

பட்டறையில் எடுபிடி வேலை செய்யும் பையன் ஒருவன் முதல் நாளே, "ஹெட் காஸ்கெட் போயிருக்கு, சார்" என்றான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். "எண்ணெயில் ஜலம் கலக்கவில்லை, வெண்புகையும் இல்லை, உன் வேலையைப் பார்" என்று நாம் அதட்டினோம். பட்டதாரியல்லவா!

"அப்போ ராத்திரி பூரா ஆறின வண்டியிலே, காலையிலே மூடியைத் திறந்தா புஸ்ஸுன்னு வருதே, அது ஏன் சார்?" என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

அந்தக் கேள்வி அன்றிரவு நம்மைத் தூங்கவிடவில்லை. ஜலத்தை மூடி வைத்து அழுத்தினால் அதன் கொதிநிலை உயரும். 1679-ல் டெனிஸ் பாப்பின் லண்டனில் செய்து காட்டிய பாத்திரமும், நம் வீட்டுக் குக்கரும், மோட்டாரின் ரேடியேட்டர் மூடியும் இந்த ஒரே தத்துவத்தில் அடங்கும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் கூடினால் ஜலம் 100 பாகையில் கொதிக்காது. சுமார் 121 வரை பொறுக்கும். (சூடான எஞ்சினின் மூடியைத் திறப்பவர் முகம் வெந்துபோவதும் இதனால்தான்.) ஆனால் உஷ்ணத்தால் வந்த அழுத்தம் உஷ்ணத்தோடு போய்விட வேண்டும். ஆறிய ஜலம் சுருங்கி, பக்கத்துத் தொட்டியிலிருந்து ஜலத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் சீறல் ஏது? ஆறினாலும் சுருங்கி மறையாத ஏதோ ஒரு வாயு உள்ளே புகுந்திருக்க வேண்டும். எஞ்சினில் பெட்ரோல் எரியும் அறையின் அழுத்தத்துக்கு முன் ரேடியேட்டரின் அழுத்தம் அற்பம். காஸ்கெட்டில் மயிரிழை வழி கிடைத்தால் போதும், எரிந்த வாயு ஜலத்துக்குள் பாயும்.

எரிந்த வாயுவில் கரியமில வாயு நிறைய உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் விதத்தை இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம்!

விடிந்ததும் அன்னையாரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துக் கரைத்து, தெளிந்த நீரைப் புட்டியில் இறுத்தோம். குளிர்ந்த வண்டியின் ரேடியேட்டரில் சிறிது ஜலத்தைக் குறைத்து, அதன் வாயில் ஒரு புனலைக் கவிழ்த்து, சந்தை ரப்பர்ப் பட்டையால் அடைத்து, புனலின் காம்பிலிருந்து ஒரு குழாயைப் புட்டிக்குள் விட்டோம். எஞ்சினைக் கிளப்பிய இரண்டு நிமிஷத்தில், கை வைத்தால் சுடாத நிலையிலேயே, புட்டியில் குமிழிகள். தெளிந்த நீர் பாலாயிற்று. வேறொரு புட்டியில் சைக்கிள் பம்பால் வெறுங்காற்றை அதே நேரம் அடித்தோம்; அது தெளிவாகவே இருந்தது. (பாலான நீரில் மேலும் மேலும் வாயுவை விட்டால் மறுபடி தெளிந்துவிடும்; பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் கவனிக்க.)

இரண்டு புட்டிகளையும் எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனோம். "தம்பி, நீ சொன்னதுதான் சரி. நாம் பேசியது தவறு" என்றோம். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, புட்டியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

எஞ்சினின் தலையைக் கழற்றியபோது இரண்டாவது சிலிண்டரின் ஓரத்தில் காஸ்கெட் கறுத்து, அரிந்திருந்தது. தலையைச் சமமாகச் சீவி, புதுக் காஸ்கெட் வைத்து, நான்காம் நாள் மலை ஏறினோம். வெள்ளிமலையில் நிறுத்தி ஹோஸை அழுத்திப் பார்த்தோம், விறைப்பு இல்லை. மறுநாட்காலை பையன்தான் மூடியைத் திறந்தான். சத்தமே இல்லை.

"சார், அந்தச் சுண்ணாம்புத் தண்ணியை எப்படிச் செய்யறதுன்னு சொல்லுங்களேன்" என்றான்.

புட்டி, புனல், குழாய் மூன்றையும் அவனிடமே கொடுத்துவிட்டோம். பெண்ணின் கட்டணத்துக்கு மட்டும் இன்னும் வழி பார்க்க வேண்டியிருக்கிறது.