சித்தப்பாவின் பசி

ஆடித்தபசு என்றால் எனக்குச் சித்தப்பா சாப்பிட்டதுதான் ஞாபகம் வரும். சாமி கோமதியம்மனுக்குக் காட்சி கொடுக்கும் நேரம், சங்கரன்கோவிலே ரதவீதியில் நிற்கும். சித்தப்பா அடுப்படியில் இருப்பார்.

"ஏல, இப்பந்தான எட்டு இட்லி தின்ன?" என்பாள் ஆச்சி.

"வயிறு நிறையவே மாட்டேங்கும்மா."

அதற்கு முந்தைய வருஷம் சாப்பிடவே மறுத்தவர். சோற்றில் விஷம் இருப்பதாகக் காதுக்குள் யாரோ சொன்னார்களாம். தறிக்குப் போவதும் நின்றது. ஆச்சி புற்றுமண்ணைக் குழைத்து நெற்றியில் பூசினாள். அம்மன் சந்நிதிக்கு முன்னால் இருக்கும் சக்கரக் குழியில் உட்காரவைத்தாள். மனம் பேதலித்தவர்களை அங்கே உட்காரவைப்பது ஊர் வழக்கம். ஏர்வாடிக்குக் கூட்டிப்போகலாம் என்றும் பேச்சு இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பற்றி, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட வழியில்லாமல் 28 பேர் செத்தார்கள். பேப்பரில் படத்தைப் பார்த்த பிறகு ஆச்சி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். மனச்சிதைவு என்று ஓலன்சபைன் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள்.

குரல் அடங்கியது. தறிக்குப் போனார், சிரித்தார், உடம்பும் போட்டார். "தேறிட்டான்" என்றது தெரு. அரைஞாண் கயிறுதான் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் சதைக்குள் புதைந்து, சுற்றிலும் சிவப்பாகத் தடம் விழுந்தது. பிளேடு நுழைய இடமில்லை. ஆச்சி விரலைக் கொடுத்துக் கயிற்றைத் தூக்கி அறுத்தாள். தளர்த்திக் கட்டிய புதுக் கயிறும் அடுத்த தபசுக்குள் இறுகிவிட்டது.

பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகளை இந்த மாத்திரை அடைத்துவிடுவதால், போதும் என்ற உணர்வு வர மாட்டேன் என்கிறது. இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்குவதில்லை. சர்க்கரையும் கொழுப்பும் ஏறுகின்றன. பழியெல்லாம் மாத்திரைக்கும் அல்ல. மனநோய் உள்ள குடும்பங்களில் நீரிழிவும் தென்படுவதை ஹென்றி மாட்ஸ்லி 1879-லேயே எழுதிவிட்டார். மனச்சிதைவு மருந்துகள் வந்ததோ 1950-களில். 2004-இல் அமெரிக்காவின் நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் கூடி ஒரு முறை வகுத்தன. மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். 4, 8, 12-ஆம் வாரங்களில் மறுபடி எடை. மூன்றாம் மாதம் மறுபடி ரத்தப் பரிசோதனை. நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. இடுப்பு தாண்டினாலே உஷாராக வேண்டும். சித்தப்பா இடுப்பில் ஒருநாளும் இஞ்ச் டேப் படவில்லை.

கால் புண் ஆறாமல் போனபோதுதான் சர்க்கரை தெரிந்தது. "எல்லாம் இந்த மாத்திரையாலதான்" என்று அவராகவே நிறுத்திவிட்டார். சில வாரம்தான். சோற்றில் மறுபடியும் விஷம்.

இந்த முறை பார்த்த டாக்டர் திட்டவில்லை. சிறுகச் சிறுக அரிப்பிப்ரசோலுக்கு மாற்றி, மெட்ஃபார்மினும் சேர்த்தார். நடக்கச் சொன்னார். சித்தப்பா கோயிலில் ஆடிச்சுற்று சுற்ற ஆரம்பித்தார். ஆடி முடிந்தும் விடவில்லை.

மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பல வருஷம் முன்னதாகவே போய்விடுகிறார்கள். அதில் பெரும்பங்கு மாரடைப்பு போன்ற உடல் நோய்களுக்கு. இந்தக் கணக்கெல்லாம் ஆச்சிக்குத் தெரியாது. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் டாக்டர் வாயைத் திறக்குமுன் அவளே சொல்லிவிடுவாள்: "பேச்செல்லாம் சரியாத்தான் இருக்கு ஐயா. இடுப்பை அளந்து சீட்டுல எழுதுங்க."