நிலவறைப் பட்டறை

விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரான மேடிசன், மெண்டோட்டா, மொனோனா என்னும் இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தின்மேல் அமைந்த நகரம். ஏரிகள் இரண்டும் கல்லாக உறைந்து, மக்கள் அவற்றின்மீது நடந்து போய்ப் பனியில் துளையிட்டு மீன் பிடிக்கும் ஜனவரி மாதத்தில், மகள் வீட்டில் தங்கியிருந்த நான், இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு வீட்டின் நிலவறைக்கு மூன்று நாட்கள் தொடர்ந்து போய் வந்தேன். அங்கே நான் கண்ட தொழிலுக்குத் தமிழில் இன்னும் பெயர் ஏற்படவில்லை. ஆகையால் அது இன்னதென்று முதலில் விளக்கிவிடுகிறேன்.

தொலைக்காட்சிப் பெட்டியின் அடியில் கம்பிகளால் கட்டுண்டு கிடப்பதற்கென்றே உண்டாக்கப்பட்ட வீடியோ விளையாட்டு யந்திரம் ஒன்றைப் பிரித்து, அதன் அவயவங்களில் உயிர் நிலையானவற்றை மட்டும் அறுத்தெடுத்து, திரை, மின்கலம், பொத்தான்கள், ஒலிபெருக்கி ஆகியவற்றோடு ஒரே கூட்டுக்குள் அடக்கி, இரு கைகளில் ஏந்தி விளையாடத் தக்கதாகச் செய்வதே அத்தொழில். கம்பெனிகளே இதைச் செய்து பார்த்ததுண்டு. ஸேகா கம்பெனி தன் ஜெனிஸிஸ் யந்திரத்தை 1995-இல் 'நோமாட்' என்ற பெயரில் கையடக்கமாக்கி விற்றது; ஆறு பென்டார்ச் பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும் அதன் பசியே அதற்குப் பெரும் குறையாக அமைந்தது. நிண்டெண்டோ கம்பெனி 2017-இல் வெளியிட்ட 'ஸ்விட்ச்', தொலைக்காட்சியிலும் கையிலும் ஒருங்கே இயங்குமாறு பிறவியிலேயே அமைக்கப்பட்டது. ஆனால் தனி மனிதர் தம் வீட்டு மேசையில் அமர்ந்து, பிறர் செய்த யந்திரத்தை அறுத்து உருமாற்றும் வித்தை பரவலானதற்கு, இதே விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹெக்கெண்டார்ன் என்பவரே பெருங்காரணர். 1977-இல் வெளிவந்த அட்டாரி 2600 என்ற பழைய யந்திரத்தை அவர் 2000-ஆம் ஆண்டில் கையடக்கமாகச் செய்து காட்டினார். 2005-இல் இக்கலையை விளக்கி ஒரு புத்தகமும் எழுதினார். இரு கைகளையும் உபயோகிக்க இயலாதவர்களுக்காக ஒற்றைக் கையால் இயக்கும் விளையாட்டுப் பிடிகளையும் அவர் வடிவமைத்தார் என்பதை அறிந்தபோது, பொழுதுபோக்கென்று பலர் ஒதுக்கும் இந்த வித்தையின்மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று.

நான் கண்ட பட்டறைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். பகலில் ஒரு தொழிற்சாலையில் யந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் ஜீவனம். மின்னணுவியல் படிக்கும் அவருடைய சகோதரியின் மகள், கல்லூரி விடுமுறையில் வந்து அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தாள். செங்குத்தான மரப்படிகளில் இறங்கியதும் முதலில் என் கண்ணில் பட்டது மேசையன்று, சுவர். ஆணியடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்த சுற்றுப் பலகைகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஒட்டியிருந்த காகிதச் சீட்டில் பென்சிலால் ஒரு வரி: 'கோட்டுக்கு உள்ளே அறுத்தேன்', 'மின்கலத்தைத் தலைகீழாகப் பொருத்தினேன்', 'அவசரப்பட்டேன்'. அவை யாவும் அவர் கையில் மாண்டவை. வெற்றி பெற்றவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, தோல்விகளை மட்டும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வேலை செய்யும் மனிதரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. அந்தச் சுவர்தான் அங்கே பாடப் புத்தகம்.

அன்று மேசைமேல் இருந்தது நிண்டெண்டோவின் 'வீ' யந்திரம். 2006 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்து, உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் விற்ற இந்த யந்திரத்துக்குப் பழம்பொருள் கடைகளில் இன்று பஞ்சமில்லை. தட்டுச் சுழலும் பாகம் கெட்டுப்போனவற்றையே அவர் தேடி வாங்குகிறார். அபூர்வமான பழைய யந்திரங்களை அறுப்பது பாவம் என்று சேகரிப்பாளர்கள் சொல்வதை அவர் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறார். எண்ணிக்கையில் குறைந்தது எதையும் தாம் தொடுவதில்லை என்றார். அறுக்கும் தொழிலில் இருப்பவரிடம் இந்த நியமம் இருந்தது எனக்குப் பெரிதும் திருப்தியளித்தது.

முழு உடலோடு இருக்கும்போதே அதற்குச் செய்ய வேண்டிய சம்ஸ்காரங்கள் சில உண்டு. வட்டத் தட்டு இன்றியே யுஎஸ்பி நினைவுக் குச்சியிலிருந்து விளையாட்டை எடுக்கவும், வயர்லெஸ் பாகங்கள் இல்லாமலேயே விழித்தெழவும் அதற்கு மென்பொருளால் முன்கூட்டியே கற்பிக்க வேண்டும். குச்சியில் ஏற்றுவன அவர் விலை கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் தட்டுகளின் பிரதிகளே. உள்ளிருக்கும் 512 மெகாபைட் நினைவுச் சில்லுக்கும் ஒரு பிரதி எடுத்து வைக்கிறார். ஒவ்வொரு வீக்கும் தனக்கே உரிய ரகசியத் திறவுகோல் உண்டாகையால், ஒன்றன் நினைவை மற்றொன்றில் பொருத்தினால் அது எழுவதில்லை. இவ்வளவும் ஆன பிறகு, மூன்று சிறகு வடிவப் பள்ளமுள்ள திருகாணிகளை அதற்கென்று அமைந்த திருப்புளியால் கழற்றி, மேல்மூடியை எடுத்தார்.

உள்ளே இருந்த பெரும் பலகையில், உண்மையில் விளையாட்டை நடத்துகிறவை நடுவே கூடியிருக்கும் சில சில்லுகளே. வினாடிக்கு 72 கோடியே 90 லட்சம் துடிப்புகளோடு இயங்கும் 'பிராட்வே' என்ற மூளை, சித்திரங்களைத் தீட்டும் 'ஹாலிவுட்', 64 மெகாபைட் துணை நினைவு, முன்னே சொன்ன நினைவுச் சில்லு: இவற்றைச் சுற்றியிருக்கும் இடமெல்லாம் வாசல்களும், மின்சாரத்தைப் பங்கிடும் உறுப்புகளும், வந்து போகும் கம்பிகளுக்கான துறைகளுமே. உள்ளங்கைக்குள் அடங்கும் நடுப்பகுதியை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதையெல்லாம் அறுத்தெறிந்துவிடலாம். கேட்க எளிது. ஆனால் ஒரு மயிரிழைத் தடம் எங்கே புறப்பட்டு எந்த அடுக்கில் மறைந்து எங்கே தலைநீட்டுகிறது என்று தெரியாதவன் வாளைத் தொடக் கூடாது.

மருமகள் மெல்லிய பேனாவால் பலகையின் இரு பக்கங்களிலும் கோடு கிழித்தாள். மாமா பூதக்கண்ணாடி வைத்து அக்கோட்டை முழுவதும் பார்வையிட்டு, ஓரிடத்தில் விரலை வைத்து, "இங்கே அரை மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் போ" என்றார். காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய பலகை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து கோட்டைத் திருத்தினாள்.

பிறகு பலகையை வைஸில், பற்கள் படாதபடி தோல் வைத்து இறுக்கி, இரும்பு அறுக்கும் வாளால் அறுக்கத் தொடங்கினார்கள். சுழலும் மின் அறுவைக் கருவி பக்கத்திலேயே இருந்தது. அது வேகமாக அறுக்கும், சூட்டையும் தூசியையும் கிளப்பும் என்று அதைத் தொடவில்லை. கண்ணாடி இழையும் பிசினும் கலந்த அத்தூசி சுவாசத்துக்குக் கேடு. ஆகையால் எங்கள் மூவருக்கும் முகமூடி உண்டு. வாள் போகும் வழியில் அவ்வப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்கள். ஐந்தாறு அங்குல வழியை அறுக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் சென்றது. இதற்கிடையே யாரும் பேசவில்லை.

அறுத்த ஓரத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் எனக்குக் காட்டினார். வெளிக்கு ஒரே அட்டையாகத் தோன்றும் பலகை, உள்ளே செப்புத் தகடும் பிசினும் மாறி மாறி அடுக்கிய ஏட்டுச் சுவடி போல் இருந்தது. வாளின் பல் ஒரு செப்பு அடுக்கின் பிசிரை இழுத்து அடுத்த அடுக்கின்மேல் படிய விட்டிருந்தது; கண்ணுக்கு அது வெறும் மினுமினுப்பு. அந்த நிலையில் மின்சாரம் பாய்ந்தால் யந்திரம் அந்தக் கணமே சாகும். ஆகையால் கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை நனைத்துப் பரப்பி, ஓரத்தை நிமிர்த்திப் பிடித்து, முதலில் கரடான தாளிலும் பிறகு படிப்படியாக நயமான தாள்களிலும் தேய்த்தாள். ஒவ்வொரு தேய்ப்புக்குப் பிறகும் துடைத்து, மல்டிமீட்டரின் இரு முனைகளை வைத்து, மின்வழிக்கும் தரைக்கும் இடையிலுள்ள தடையை அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். ஊரில் என் சிறு பிராயத்தில், பத்தர் தங்கத்தை அராவிய பின் தட்டில் விழுந்த பொடியை மயிலிறகால் கூட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதே அடக்கத்தை அந்தப் பெண்ணின் முகத்தில் கண்டேன்.

இரண்டாம் நாள் முழுவதும் மின்சாரமும் ஈயமுந்தான். முழு யந்திரத்துக்கு வெளியிலிருந்து வருவது 12 வோல்ட். சில்லுகளுக்கு வேண்டியவையோ 1, 1.15, 1.8, 3.3 என நான்கு வெவ்வேறு அளவுகள். அவற்றைப் பிரித்துக் கொடுத்த உறுப்புகள் அறுபட்ட பகுதியோடு போய்விட்டபடியால், தபால் தலையைவிடச் சற்றுப் பெரிய ரெகுலேட்டர் பலகைகளைப் புதிதாக இணைக்க வேண்டும். சந்தையில் கிடைப்பவை ஆனாலும் ஒவ்வொன்றையும் தனியே இயக்கி அளந்து பார்க்காமல் அவர் சேர்ப்பதில்லை. தகவல் செல்லும் வழிகளுக்கு எனாமல் பூசிய செப்புக் கம்பி. தலைமயிரை விடக் கொஞ்சமே தடிப்பு. அதன் நுனியிலுள்ள எனாமலைச் சூட்டினால் நீக்கி, ஈயம் பூசி, கடுகினும் சிறிய புள்ளியில் பற்றவைத்து, அசையாதபடி ஒரு துளி பசையும் இட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் சோதனை. மின்கலத்தை நேரே இணைக்காமல், இவ்வளவுக்குமேல் மின்சாரம் போகாது என்று வரம்பு கட்டிய மேசைக் கருவியிலிருந்து முதல் உயிரூட்டினார்கள். திரை இருண்டே கிடந்தது. பெண்ணின் முகம் வாடியது. மாமா சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அளக்கத் தொடங்கினார். நான்கு மின்னழுத்தங்களும் சரியாக இருந்தன. அவை யாவும் நிலைபெற்றுவிட்டன என்று கண்ட பிறகே மூளையை எழுப்பும் சின்னஞ்சிறு காவற்சில்லு ஒன்று உண்டு. அறுத்த பகுதியிலிருந்து அதைப் பெயர்த்தெடுத்துப் புதிய இடத்தில் ஒட்டியிருந்தார்கள். அதன் ஒரு கம்பி, பற்றியது போல் தோன்றிப் பற்றாமல் இருந்தது. ஒரு துளி ஃப்ளக்ஸ் வைத்து அவள் மறுபடி இரும்பைத் தொட்டு எடுத்தாள். ஐந்து அங்குலத் திரையில் வெளிச்சம் வந்தது.

அன்று மத்தியானம் காப்பி அருந்தும்போது, இத்தனை சிரமம் எதற்கு, பழைய யந்திரத்தைப் போலவே நடித்துக் காட்டும் மென்பொருளை ராஸ்ப்பெரி பை போன்ற ஒரு சிறு கணினியில் ஏற்றிவிட்டால் ஒரே மாலையில் முடிந்துவிடுமே என்று கேட்டேன். செய்யலாம், அதிலே குற்றமில்லை, ஆனால் அதைச் செய்தவருக்கு இந்த யந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரிய வராது என்றார் அவர். மருமகள் உடன்படவில்லை, சில்லுகள் எல்லாம் ஒரு நாள் சாகத்தான் போகின்றன, அன்று இவ்விளையாட்டுகளைக் காப்பாற்றப் போவது மென்பொருள்தான் என்றாள். விளையாட்டைக் காப்பது பற்றிய அளவில் அவள் சொல்வதே சரி. ஆனால் காக்கப்பட வேண்டியது விளையாட்டு மட்டுமன்று. எவரும் பிரிக்கக் கூடாது என்பதற்காகவே விசித்திரத் திருகாணிகளால் மூடிய பெட்டிகளுக்கு நடுவே வாழும் நாம், அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது, எது இன்றியமையாதது, எது அலங்காரம் என்று கையால் தொட்டு அறியும் அறிவை இழந்து வருகிறோம். அந்த அறிவு இந்த நிலவறையில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரு வீ யந்திரம் அதற்கு விலையானால் அது மலிவான விலை என்பதே என் அபிப்பிராயம்.

கூட்டை முப்பரிமாண அச்சு யந்திரத்தில் முன்பே வார்த்திருந்தார்கள். உள்ளே சில்லுகளின்மேல் ஹீட் சிங்க், அதற்கு எதிரே சிறு விசிறி, கீழே மின்கலங்கள். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடைய லித்தியம் கலங்கள் இரண்டு. இவ்விஷயத்தில் மட்டும் அவர் குரலில் கண்டிப்பு ஏறியது. அளவுக்கு மேல் நிரம்பாமலும் வற்றாமலும் காக்கும் பாதுகாப்புச் சுற்று இல்லாத கலத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது, கலத்தின்மேல் நேரடியாக ஈயம் வைக்கக் கூடாது, திருகாணியின் முனை அதைத் தொடக் கூடாது என்று சொல்லி, ஒவ்வொரு திருகாணியின் நீளத்தையும் அவளைக் கொண்டே அளக்கச் செய்தார். இத்தொழிலைத் தொட விரும்பும் வாசகர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கலாகாது.

பின்மூடியை மூடியதும் யந்திரத்தை என் கையில் கொடுத்தார்கள். லேசான வெதுவெதுப்பு, விசிறியின் மெல்லிய ஓசை. மாலை 4 மணிக்கு அந்தப் பெண் விளையாட உட்கார்ந்தாள். மின்கலம் தீர்ந்து திரை அணைந்தபோது மணி 6.40. நோட்டுப் புத்தகத்தில் அந்த இரண்டு நேரங்களையும் எழுதிக் கீழே கோடிட்டாள்.