எப்பாட்டைப் பாடுவது?

மேனாட்டு இசை நாடகமாகிய ஆப்பெராவில் ஆண் குரலைப் பொதுவாக உச்சம், நடு, அடி என மூவகைப்படுத்துவர். நடுக்குரலுக்குப் பாரிட்டோன் என்று பெயர். அக்குரலுடைய இளைஞர் ஒருவர் நாடக அரங்கிற் சேர விரும்பினால், தேர்வாளர் முன்னிலையில் இரண்டொரு தனிப்பாட்டுக்களைப் பாடிக் காட்டவேண்டும். பல்லாண்டுப் பயிற்சியின் பயன் சில நிமிடங்களிலே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே, எப்பாட்டைத் தெரிந்தெடுப்பது என்பது அற்ப விஷயமன்று.

நாம் பாடகரல்லோம்; இசைத்தட்டிற் கேட்டு மகிழ்பவரே. ஆயினும் கேட்பவருக்கும் ஒரு கருத்து உண்டன்றோ?

பலர், 1816-ல் அரங்கேறிய ரோஸினியின் 'செவில் நகர நாவிதன்' நாடகத்தில் வரும் பிகாரோவின் பாட்டையே நாடுகின்றனர். பாட்டிற் குறையொன்றுமில்லை. ஆனால், அதைக் கேட்குந்தோறும் பெரும் பாடகர்களின் குரல்களே தேர்வாளர் செவியில் ஒலிக்கும். புதியவர் அந்நிழலில் மறைந்துபோவார். முன்னோர் பாடினர் என்பதொன்றே காரணமாக நாமும் பாடுவதிற் பொருளென்ன?

"புகழ் பெறாத பாட்டு தரத்திற் குறைந்ததன்றோ?" எனச் சிலர் வினவலாம். சைகாவ்ஸ்கியின் 'இயோலாந்தா' 1892-ல் பீட்டர்ஸ்பர்க் நகரில் அரங்கேறியது. அதே இரவில் அவருடைய 'நட்கிராக்கர்' என்னும் நடன நாடகமும் அரங்கேறிற்று. நடனம் உலகெங்கும் பரவிற்று. இயோலாந்தாவோ அதன் பின்னே நின்றுவிட்டது. அதில் ராபர்ட் என்னும் பிரபு தம் காதலியைப் புகழ்ந்து பாடும் பாட்டு சிறியது, வீறு மிக்கது.

கோர்ன்கோல்டு தம் 23-ஆம் வயதில், 1920-ல், 'மாண்ட நகரம்' என்னும் நாடகத்தை அரங்கேற்றிப் பெரும் புகழ் பெற்றார். 1933-ல் ஆட்சியைப் பிடித்த நாஜிகள், அவர் யூதர் என்பதற்காகவே அவர் படைப்புக்களை ஜெர்மன் மேடையினின்றும் ஒதுக்கினர். அந்நாடகத்தில் பியரோ வேடமிட்டவன் ஏங்கிப் பாடும் பாட்டை நாம் கேட்கும்போதெல்லாம், பிறப்பைப் பார்த்துக் கலையை எடைபோட்டவர்களின் சிறுமையை எண்ணி மனம் நோகிறோம். இன்று அந்நாடகம் மீண்டும் மேடையேறி வருகிறது. பாட்டின் அருமையைப் பாடகரும் உணர்ந்துள்ளனர். முன்னது குரலின் வலிமையைக் காட்டும். இதுவோ மென்மையையும் நீண்ட மூச்சையும் காட்டும்.

எனினும், அரியது என்பதற்காகவே ஒன்றை எடுத்தல் பேதைமை. பியானோ வாசிப்பவர் பழகாத இசைக்குறிப்பை அவ்விடத்திலேயே பார்த்து வாசிக்க நேரிடும். அவருக்குத் தெளிவான பிரதி தரவேண்டும். ருஷிய மொழியிற் பாடுவோர் உச்சரிப்பைச் செவ்வனே பயிலவேண்டும். அரங்கத்தார் எவ்வகை வேடத்திற்கு ஆள் தேடுகின்றனர் என்பதையும் அறிதல் நன்று.

பாட்டு பழையதா, புதியதா, புகழ் பெற்றதா என்பன பின்னர் எழவேண்டிய கேள்விகள். இக்குரலுக்கு இது பொருந்துமா என்பதே முதற் கேள்வி. அதற்கு நேர்மையாக விடை காண்பவரே தேர்விற்குத் தகுதியுடன் செல்பவர்.